மூக்குக்கு அளந்த நூல்

என் அக்காவின் போட்டோ கடையில் ஒரு கறுப்பு நூல் உண்டு. கேமரா நிற்கும் முக்காலியின் கழுத்தில் அதன் ஒரு முனை கட்டியிருக்கும். மறுமுனையில் ஒரு முடிச்சு. பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவரை ஸ்டூலில் உட்கார வைத்து, அந்த முடிச்சை அவர் மூக்கு நுனிவரை இழுத்துப் பிடிப்பாள். எட்டவில்லை என்றால் ஸ்டூலை நகர்த்துவாள். தொட்டுவிட்டால் நூலை விட்டுவிட்டுப் பொத்தானை அமுக்குவாள்.

காரணம் இதுதான். அவளுடைய லென்ஸில் தானாக ஃபோகஸ் பண்ணும் மோட்டார் எப்போதோ செத்துவிட்டது. அதனால் லென்ஸ் வளையத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருக்கிறாள். வளையம் அந்தப் புள்ளியில் நின்றால், முடிச்சு எட்டும் தூரத்தில் எது இருந்தாலும் படத்தில் முடி முடியாகத் தெரியும். ஒருமுறை ஒரு பெரியவர் நூலைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, எனக்கு மூக்கணாங்கயிறு போடப் போறியா?" என்று கேட்டார். அவர் மனைவி பெஞ்சில் இருந்தபடியே, "அதெல்லாம் நான் எப்பவோ போட்டாச்சு, நீ படத்த எடும்மா" என்றார்.

அக்கா அதிகம் பேசமாட்டாள். பள்ளிக்கூடப் படங்கள், அடையாள அட்டைப் படங்கள், இறந்தவர்களின் பழைய படத்தைப் பெரிதாக்கித் தருவது, இவ்வளவுதான் அவள் தொழில். வெளிச்சம் இல்லாத இடத்தில் அவள் படம் எடுத்ததே இல்லை. மாமாவுக்காகத்தான் முதல்முறையாகப் போனாள்.

மாமா என்றால் அக்காவின் கணவர். நகரத்துக்குக் கீழே மின்சாரக் கேபிள்கள் ஓடும் ஒரு பழைய சுரங்கம் இருக்கிறது. அதில் கேபிள்களை இணைக்கிற வேலை அவருக்கு. உள்ளே நிமிர்ந்து நடக்க முடியாது. அவருடைய கூட்டாளி ஒருவர் பனைமரம் மாதிரி வளர்ந்தவர். எந்நேரமும் கழுத்தை நீட்டிக் குனிந்தே நடப்பதால் அவரை எல்லோரும் ஒட்டகம் என்றுதான் கூப்பிடுவார்கள். சுரங்கக் கூரையிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து ஒட்டகத்தின் தோளில் விழுந்தது. தலையில் விழுந்திருக்க வேண்டியது. அன்றைக்குத்தான் எல்லோரும் மேலே பார்த்தார்கள். கூரையில் நீளமாக ஒரு விரிசல் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை அந்த வழியாகக் கனமான புதுக் கேபிள் ஒன்றை இழுப்பதாக இருந்தது. மேலே இயந்திரம் வைத்து இழுக்கும்போது சுரங்கம் முழுவதும் அதிரும். விரிசலுக்கு நேர் கீழே ஒரு வளைவு, அந்த இடத்தில் மட்டும் கூரை உயரமாக இருக்கும். அங்கே ஒருவர் நின்று கேபிளைத் தோளால் அணைத்துத் திருப்பிவிட வேண்டும். அந்த ஒருவர் மாமா.

போகாதீர்கள் என்று அக்கா எத்தனையோ விதமாகச் சொன்னாள். சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள். அழுதும் சொன்னாள். மாமா ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"நான் போகலன்னா ஒட்டகத்த நிறுத்துவாங்க. அவனுக்கு ஏற்கெனவே ஒரு தோள் போச்சு."

வேலையை நிறுத்தும்படி எழுதக்கூடியவர் பொறியாளர் ஒருவர்தான். அவர் கெட்டவர் இல்லை. கீழே இறங்கி விரிசலைக் கண்ணால் பார்த்தவர். ஆனால் முன்பு ஒரு தடவை, நீர்க்கசிவால் உண்டான கறுப்புக் கோட்டை விரிசல் என்று நினைத்து வேலையை நிறுத்தி, மேலதிகாரிகளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அதிலிருந்து அவர் வாய்ச்சொல் அங்கே எடுபடுவதில்லை. இந்த விரிசலையும் மேற்பூச்சு வெடிப்புதான் என்று தள்ளிவிட்டார்கள். படம் வேண்டும் என்றார் அவர். விரிசலின் விளிம்பு தெளிவாக இருக்க வேண்டும், பக்கத்தில் ஸ்கேலும் அதன் எண்களும் தெரிய வேண்டும். பூச்சு உடைந்ததா, கூரையே உடைந்ததா என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியுமாம்.

தொழிலாளர்கள் தங்கள் போன்களில் எடுத்துப் பார்த்தார்கள். அந்த இருட்டில் போன் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் தடவிவிட்டு, கடைசியில் சேற்றைக் கரைத்த மாதிரி ஒரு படத்தைத் தரும். ஃபிளாஷ் போட்டால் காற்றில் மிதக்கும் ஈரமெல்லாம் வெள்ளைப் பொட்டுகளாக விழும். அப்போதுதான் மாமா, வீட்டில் ஒரு கேமராக்காரி இருக்கிறாள் என்று மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறார்.

சனிக்கிழமை மதிய இடைவேளையில் மேஸ்திரி அவளை உள்ளே விட்டார். இரும்பு ஏணியில் இறங்கியதும் லென்ஸ் முழுக்க நீராவி படிந்துவிட்டது. துடைக்கத் துடைக்கப் படிந்தது. கேமராவும் கீழே இருக்கும் புழுக்கத்துக்குப் பழகட்டும் என்று காத்திருந்தாள். பிறகு முக்காலியை வைத்து, கேமராவைச் சாய்வாக மேலே திருப்பி, நூலை இழுத்தாள். பலகைகளை அடுக்கி முக்காலியை உயர்த்தியபின் முடிச்சு விரிசலைத் தொட்டது. மாமா ஏணியில் நின்று ஸ்கேலைப் பிடித்தார். மற்றவர்கள் டார்ச் அடித்தார்கள். வெளிச்சம் போதாததால் லென்ஸின் திறப்பை முழுதாகத் திறந்து வைத்தாள். அப்படித் திறந்தால் முன்னே பின்னே கொஞ்சம் தவறினாலும் படம் மங்கிவிடும். ஆனால் நூல் இருக்கும்போது அவளுக்கு என்ன பயம்?

கடைக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். எல்லாப் படமும் மங்கல். ஒன்றுகூடத் தேறவில்லை.

பொறியாளர் அவற்றை நெடுநேரம் பார்த்தார். "இத அனுப்பினா என்னப் பாத்துச் சிரிப்பாங்கம்மா" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் அக்காவை உடைத்துவிட்டது. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சமைக்கவில்லை. பிழைப்பு கொடுத்த நூல் இப்போது கழுத்தை அறுத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மாமா தன் வேலைச் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் போட்டுக்கொள்ளத்தான். அதைப் பார்க்கப் பிடிக்காமல் அவள் திரும்பவும் படங்களைத் திறந்து உட்கார்ந்தாள்.

ஒரு படத்தின் ஓரத்தில், விரிசலுக்கு அப்பால், கேபிளைத் தாங்கும் இரும்புக் கொக்கி ஒன்று இருந்தது. பெரிதாக்கினாள். கொக்கியின் துரு தெரிந்தது. துருவில் தொங்கிய நீர்த்துளி தெரிந்தது. கண்ணாடி போலத் தெளிவு. அப்படியானால் லென்ஸில் பழுதில்லை, கேமராவும் ஆடவில்லை. தெளிவு இடம் மாறி விழுந்திருக்கிறது. விரிசலில் விழ வேண்டியது அதைத் தாண்டிப் போயிருக்கிறது.

முக்காலியை நடு அறைக்கு இழுத்து வந்து கேமராவை மேலே திருப்பினாள். மாமாவை நாற்காலியில் ஏற்றி, முடிச்சை வீட்டுக் கூரையில் வைக்கச் சொன்னாள்.

"கூரையும் வெளிநாடு போகுதா? பாஸ்போர்ட் எடுக்கிறே" என்றார் மாமா.

அக்கா சிரிக்கவில்லை. நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் கேமரா எதிரே இருக்கும் முகத்தைப் பார்க்கும். அப்போது முக்காலிக் கழுத்திலிருந்து மூக்குக்கு எவ்வளவு தூரமோ, கேமராவிலிருந்தும் அவ்வளவுதான். மேலே பார்க்கும்போது அப்படி இல்லை. கேமரா கழுத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. அதனால் அது கூரைக்கு ஒரு சாண் கிட்டே போய்விடுகிறது. நூல் மட்டும் பழையபடி கழுத்திலிருந்தே கிளம்புகிறது. இத்தனை வருஷமும் எதிரில் இருந்த மூக்குகளை மட்டுமே அளந்த நூல், மேலே திரும்பியதும் பொய் சொல்லிவிட்டது.

அவள் அதை அவிழ்த்துக் கேமராவின் உடம்பிலேயே கட்டினாள். அப்புறம்தான் அழுதாள்.

திங்கட்கிழமை காலை, வேலை தொடங்கும் முன்பே மேஸ்திரியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அவரோடு அக்காவும் மாமாவும் ஒட்டகமும் இறங்கினார்கள். மேலே இயந்திரத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அது ஒவ்வொரு முறை உறுமும்போதும் கூரையிலிருந்து பொடி உதிர்ந்தது. இந்த இடத்தில் மாமா நிற்கக் கூடாது என்று நிரூபிக்கத்தான் படம். ஆனால் அந்தப் படத்துக்காக அவர் அங்கேதான் நிற்க வேண்டியிருந்தது. ஒட்டகத்தால் கையைத் தூக்க முடியாது, மேஸ்திரி டார்ச் அடித்தார், முடிச்சை வைக்க வேறு கை இல்லை. அக்கா அதை நினைக்காமல் இருக்க வளையத்தின் சிவப்புப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

இயந்திரம் ஓய்ந்த இடைவெளியில் முதல் படம். இருட்டில் மெதுவாகத்தான் படம் பதியும். எல்லோரும் மூச்சை அடக்கி நின்றார்கள். விரிசல் தெளிவாக விழுந்தது, அதன் விளிம்பில் இருந்த மணல் மணிகூடத் தெரிந்தது. ஆனால் ஸ்கேல் வெறும் வெள்ளிப் பட்டையாக இருந்தது, எண்களே இல்லை. மாமாவின் கை நடுங்கியிருக்கிறது.

"கொஞ்சம் ஆடாமப் பிடிங்களேன்" என்றாள் அக்கா.

"நான் ஆடலடி. கை ஆடுது."

டேப் போட்டு ஒட்டிப் பார்த்தார். ஈரத்தில் உரிந்து விழுந்தது. மேலே இயந்திரம் மறுபடி உறுமியது. ஒட்டகம் ஏணியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார். ஸ்கேலை நிறுத்த வேறு வழி தெரியாமல், மாமா அதன் முனையை விரிசலிலேயே செருகினார். கொஞ்சம் போய் முட்டி நிற்கும் என்று நினைத்தார்.

அது முட்டவில்லை.

"உள்ள போகுது" என்றார். குரல் மாறியிருந்தது.

"எவ்வளவு?"

"போய்க்கிட்டே இருக்குடி."

பாதிக்கு மேல் போய்விட்டு ஸ்கேல் இறுகி நின்றது. அக்கா சொன்னது ஒன்றுதான். "கைய விட்டுட்டு இறங்குங்க." அவர் கையை எடுத்தார். ஸ்கேல் விழவில்லை. அவர் இறங்கி அப்பால் வந்ததும், ஆளில்லாத அந்தக் கூரையை அவள் எடுத்தாள். அடுத்தடுத்து எடுத்துக்கொண்டே இருந்தாள். மேஸ்திரிதான் அவள் தோளைத் தொட்டு, போதும்மா என்றார்.

பொறியாளரின் அறையில் கேமராவின் சின்னத் திரையிலேயே காட்டினாள். அவர் பெரிதாக்கினார். விரிசலின் வாயில் ஸ்கேலின் எண் பளிச்சென்று தெரிந்தது. எந்தப் பூச்சும் அவ்வளவு கனம் இருக்காது.

"ஸ்கேல யார் பிடிச்சிட்டிருக்கா?" என்று கேட்டார்.

"யாரும் பிடிக்கல சார்."

அவர் போனை எடுத்தார். கொஞ்ச நேரத்தில், அந்த அறைவரை கேட்டுக்கொண்டிருந்த இயந்திரச் சத்தம் நின்றது.

சுரங்கத்தின் அந்தப் பகுதியை மூடிவிட்டார்கள். எல்லோருக்கும் வேலை போனது. மாமா இப்போது கடையில் உட்கார்ந்து படங்களை வெட்டிக் கொடுக்கிறார், கோணலாக. வாயிலில் காவலுக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். ஸ்கேல் இன்னும் அங்கேயேதான் இருக்க வேண்டும். கூரை இதுவரை விழவில்லை.

போன வாரம் அவர் கூட்டாளிகளில் ஒருவர் அடையாள அட்டைப் படம் எடுக்க வந்தார், வேறு எங்கோ வேலைக்கு மனுப் போட. ஸ்டூலில் உட்கார்ந்ததும், "உங்க கூரை நல்லா கல்லு மாதிரி நிக்குதாமே. நாங்கதான் விழுந்துட்டோம்" என்றார்.

மாமா வெட்டுவதை நிறுத்தினார். அக்கா நூலை எடுத்து முடிச்சை அந்த மனிதரின் மூக்குவரை இழுத்தாள்.

"நிக்கட்டும்ணா. நீங்க கொஞ்சம் நிமிந்து உக்காருங்க" என்றாள்.