டயான் யாரிடமும் சொல்லாத ஒன்று

டயான் போய்விட்டாள்.

காலையில் அவள் தங்கை போன் பண்ணினாள். என் வாயில் வந்த முதல் கேள்வி, "மலையிலயா?"

இல்லை. வீட்டில், தூக்கத்தில். அழுகைக்கு நடுவிலும் அப்பாடா என்று இருந்தது...

எண்பதுகளின் நடுவில் சான்டா கிளாராவில் ஒரு சிப் கம்பெனி. நானும் அவளும் ஒரே ஷிஃப்ட். க்ளீன் ரூமில் தலை முதல் கால் வரை வெள்ளை உடை, முகமூடி. முதல் மூன்று மாதம் அவள் கண்களை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

என்னைவிட நான்கு வயது சின்னவள். குளிர்காலத்தில் வீக்கெண்ட் வந்தால் டாஹோ மலைப்பக்கம் ஸ்கீ, அதாவது பனிச்சறுக்கு கைடு. லிஃப்ட் இருக்கிற ரிசார்ட் இல்லை. ஸ்கீக்கு அடியில் வழுக்காத பட்டையை ஒட்டிக்கொண்டு, ஆளில்லாத பனிமலையில் தானே ஏறி, பிறகு சறுக்கி இறங்குவது.

பாளையங்கோட்டைக்காரி எனக்கு அதில் எப்படி ஆசை வந்தது என்று இன்றும் தெரியவில்லை. வந்தது. என் கணவர் சாமுவேலையும் இழுத்துக்கொண்டேன்.

டயான் எங்களை உடனே மலைக்குக் கூட்டிப்போகவில்லை. பனி விழும் முன்பே, சன்னிவேலில் ஒரு பார்க்கில் ஆறு சனிக்கிழமை பயிற்சி. ஆளுக்கொரு பீக்கன் என்ற சின்னக் கருவி கழுத்தில் தொங்கும். பனி சரிந்து ஒருவர் புதைந்தால் அவருடைய பீக்கன் சிக்னல் அனுப்பும். தேடுகிறவர் காதில் பீப் பீப் என்று கேட்கும்.

ஒன்றை இலைக்குவியலுக்குள் ஒளித்துவைப்பாள். நான் சுடிதாரோடு மண்டியிட்டுத் தேடுவேன். நாயோடு வாக்கிங் வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

"சத்தம் கூடினா வால்யூமைக் குறை ஸ்டெல்லா. குறைச்சாதான் இன்னும் கிட்ட போறமான்னு தெரியும்."

அவள் சொன்னது ஆங்கிலத்தில். எனக்கென்னவோ தமிழில்தான் நினைவிருக்கிறது.

எங்கள் மூன்றாவது டூர். நாங்கள் மூன்று பேர்தான். ஒரு சரிவைக் கடக்க வேண்டும், ஒவ்வொருவராக. டயான் கை காட்டினால்தான் அடுத்தவர் கிளம்பலாம்.

அவள் போனாள். நான் போனேன். போய்ச் சேர்ந்த சந்தோஷத்தில் திரும்பி, அந்தப் பக்கம் நின்ற இவரைப் பார்த்துக் கையை ஆட்டினேன். சும்மாதான்.

இவர் கிளம்பிவிட்டார்.

டயான் அப்போது சரிவின் மேற்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கடக்கும்போது அடியில் பனி அமுங்கும் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. அது சரியப்போகிற அடையாளம். இவரைச் சுற்றுவழியில் வரச் சொல்ல இருந்தாள்.

மேலே ஒரு விரிசல் ஓடியது. சரிவு நகர்ந்தது, நின்றது. இவரைக் காணோம்.

எனக்குக் கால் நகரவில்லை. டயான் மேலே ஒருமுறை பார்த்துவிட்டு என் தோளைப் பிடித்தாள். "பீக்கனை ரிசீவ்ல போடு. பார்க்ல செஞ்ச மாதிரியே." குரலை உயர்த்தவே இல்லை.

பீப் கூடியது. குறைத்தேன். மறுபடி கூடியது. குறைத்தேன். நான் மண்டியிட்ட இடத்தில் டயான் ஷவலால் வெட்டினாள், நான் கையால் அள்ளினேன்.

முதலில் ஒரு நீலக் கையுறை. அப்புறம் முகம். இருமினார்.

"குளிருது ஸ்டெல்லா."

கர்த்தருக்கு அன்று நன்றி சொன்னதுபோல் நான் என்றைக்கும் சொன்னதில்லை.

இவரைக் காரில் ஹீட்டர் போட்டு உட்காரவைத்துவிட்டு, டயானைத் தனியே கூப்பிட்டேன். "நான்தான் கையாட்டினேன். அதைப் பாத்துட்டுதான் வந்துட்டார்."

"பாத்தேன்," என்றாள். "கைகாட்டுறதை சிக்னலா வச்சது என் தப்பு. இனிமே ரெண்டு ஸ்கீ கம்பையும் தலைக்கு மேல தூக்கினாதான் சிக்னல்."

பிறகு என்னைக் கட்டிக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

அடுத்த சீசன் வகுப்பில் புதியவர்களிடம் இதைச் சொன்னாள். "என் தப்பு" என்றுதான் சொன்னாள். பின்னால் நின்றிருந்த என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

இவரிடம் நான் சொல்லவே இல்லை. இத்தனை வருஷமும்...

இன்று போனை வைத்ததும் சொல்லிவிட்டேன். இவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"நீ கையாட்டினியா? என் கண்ணாடி பூரா ஆவி படிஞ்சு உங்க ரெண்டு பேரையும் தெரியவே இல்ல. நின்னு நின்னு குளிர் தாங்கல. நானா கெளம்பிட்டேன். சொன்னா நீ திட்டுவேன்னுதான் உங்கிட்ட சொல்லல."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தபோது இவர்தான் முதலில் அழுதார்.

டயான்... உன் தப்பும் இல்லை, என் தப்பும் இல்லையாம். நேற்றே இவரிடம் சொல்லியிருந்தால் உனக்குப் போன் பண்ணிச் சொல்லியிருப்பேன்.

போய்ட்டு வாம்மா.