பத்து லட்சத்து ஒன்பது

என் சக்களத்தி ஒரு எண். பத்து லட்சத்து ஒன்பது, 1000009. சிரிக்காதீர்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், கல்யாணமான முதல் வருஷம், தென்காசி வாடகை வீட்டில் அவளோடு சேர்த்துத்தான் நான் குடித்தனம் நடத்தினேன். என் கணவர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் அந்த எண்ணோடு உட்கார்ந்துவிடுவார்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "அதுல அப்படி என்னதான் இருக்கு? இப்படி மயங்கிக் கெடக்கீயளே."

"ஆயிரத்தோட வர்க்கத்தையும் மூணோட வர்க்கத்தையும் கூட்டினா இது வருது. வேற எந்த ஜோடியிலயும் வரலன்னா இது பகா எண். தன்னாலயும் ஒண்ணாலயும் தவிர எதாலயும் வகுபடாது. இன்னொரு ஜோடி அகப்பட்டுட்டா போச்சு, உடைஞ்சிரும்."

சொல்லும்போது அவர் முகத்தில் தெரிந்த கனிவு எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. வயிறு எரிந்தது.

ஆனியில் சாரல் விழுந்ததும், ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். விடிந்ததும் தலை நிறைய எண்ணெய் வைத்து, மாற்றுச்சேலையும் மடித்துக்கொண்டு காத்திருந்தேன். "இந்தா வாரேன்" என்றார், நிமிராமலே. எண்ணெய் வழிந்து ரவிக்கை நனைந்ததுதான் மிச்சம். மத்தியானம் கிணற்றடியில் சீயக்காய் தேய்த்துக் குளிக்கும்போதே முடிவு செய்துவிட்டேன், அவளை ஒழித்துக்கட்டுவதென்று.

நான் எட்டாவது வரை படித்தவள். அவர் நான்கு, ஐந்து, ஆறு என்று கீழிருந்து ஏறிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றின் வர்க்கத்தையும் பத்து லட்சத்து ஒன்பதில் கழித்து, மிச்சமும் ஒரு வர்க்கமா என்று பார்ப்பார். ஒரு மாதமாகியும் நூறைத் தாண்டவில்லை. அவர் பின்னாலேயே நடக்க எனக்குப் பிடிக்கவில்லை. 999-இலிருந்து கீழே இறங்கினேன். அவர் பள்ளிக்குப் போனபின், பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில். நாலாம் நாள் 972-க்கு வந்தேன். மிச்சம் 55225. ஐந்தில் முடியும் எண்ணின் வர்க்கமெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இருபத்துமூன்றை இருபத்துநான்கால் பெருக்கினால் 552, பக்கத்தில் 25. ஆக, 235-இன் வர்க்கம். இன்னொரு ஜோடி. செத்தாள் என்று நினைத்தேன்.

சாயந்திரம் தாளை அவர் முன்னால் வைத்தேன். இரண்டு தரம் சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இத உனக்கு யாரு சொல்லித்தந்தா?"

"யாரும் தரல. நானேதான் போட்டேன்."

"மாடியில இருக்காகளே, அவுகளா?"

மாடியில் குடியிருந்தவர் அதே பள்ளியின் இன்னொரு கணக்கு வாத்தியார். அந்த மனிதரின் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்த்ததில்லை. இல்லையென்று சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை.

"எங்கண்ணு முன்னால ஒருதரம் போட்டுக் காட்டு."

போட்டேன். 999-இலிருந்து இருபத்தெட்டு வரி. அவமானமாக இருந்தது, ஆனால் ஒரு வரியிலும் பிழை விடவில்லை. கடைசி வரியைப் பார்த்ததும் "சரி" என்று எழுந்துபோனார்.

மறுநாளிலிருந்து அவர் வீட்டில் கணக்கே போடவில்லை. சாயந்திரமெல்லாம் எனக்கெதிரே சும்மா உட்கார்ந்திருந்தார். நான் ஆசைப்பட்டது அதற்குத்தானே? ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, நானே ஒரு பென்சிலைச் சீவி அவர் பக்கத்தில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.