வெந்நீர்ப் பாட்டு

"வெந்நீர் சுவிட்ச எவன்டா அணைக்காம விட்டது?" என்று அப்பா வீட்டில் போடும் கூச்சலை அப்படியே சிரிப்புப் பாட்டாக்கித்தான் டெக்லன் அயர்லாந்து முழுக்கப் பேர் வாங்கினான். இருபத்திரண்டு வருடமாக எந்த மேடையிலும் ஜனங்கள் அவனை வேறு பாட்டுப் பாட விட்டதில்லை. பாழாய்ப்போன அந்த ஒன்றுதான்.

அப்பாவின் அடக்கத்தன்று, லீட்ரிம் ஊர்த் தேவாலயத்தில் சவப்பெட்டியருகே நின்று, அவருக்குப் பிடித்த ஜெபப்பாட்டைப் பாடக் கிதாரை மீட்டினான். வெந்நீர்ப் பாட்டுதான் வரப்போகிறது என்று பின்வரிசையில் கொல்லென்று சிரிப்பு.

முன்வரிசையிலிருந்து அம்மா அதட்டினாள்: "அதையே பாடித் தொலைடா. சனம் எங்கெங்கேருந்தோ வந்திருக்கு!"

பாடினான். அப்பாவின் குரலிலேயே கத்தும்போது அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது.

"அட, அழுகைய இப்பத்தான் புதுசா சேத்திருக்கான்!" என்று எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.