இளவரசிக்காகச் சூடம் அடித்தது

கொரியா எங்கே இருக்கிறது என்று எனக்கு இப்போதும் சரியாகத் தெரியாது. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. ஆனால் அந்த நாட்டு அரண்மனை நன்றாகத் தெரியும். எத்தனை வாசல், எந்த வாசலில் எத்தனை காவல், ராஜா கோபப்பட்டால் யார் யார் தரையில் விழுவார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. எனக்குப் பத்து வயது நடந்தபோது அந்த நாடகம் தமிழில் பேசிக்கொண்டு தினமும் சாயங்காலம் ஆறரைக்கு எங்கள் வீட்டு டிவியில் வந்தது.

நானும் அத்தையும் பார்ப்போம். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. தாத்தாவும் அப்பத்தாவும் முன்பே போய்விட்டார்கள். அப்பாதான் அவளை வளர்த்தார். பன்னிரண்டாவது முடித்து இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தாள்.

கதை இதுதான். ஓர் இளவரசி. அவளுக்கு ஒரு மெய்க்காப்பாளன். இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. இளவரசியின் அண்ணன்தான் ராஜா. அவருக்குப் பிடிக்கவில்லை. அவன் அவளுக்காக முதுகில் அம்பு வாங்கினான். அவள் அவனுக்காக நகையைக் கழற்றி வைத்துவிட்டு, வேலைக்காரி துணியைக் கட்டிக்கொண்டு மதில் ஏறிக் குதித்தாள். இரண்டு பேரும் போனபின், தப்பிக்க உதவிய பணிப்பெண் மாட்டிக்கொண்டாள். இளவரசி எங்கே என்று கேட்டு அவளை நாற்காலியில் கட்டிவைத்து அடித்தார்கள். திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று நாள் அடித்தார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை.

அத்தை தாவணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்ப்பாள். அம்மாவுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

"வாயி முன்னால அசையுது, பேச்சு பின்னால வருது. இதைப் பாத்து எப்பிடித்தான் அழுகுறீகளோ."

அப்பா நாடகம் பார்க்க மாட்டார். டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுவார். ஒருநாள் மட்டும், "அம்பு பட்டவன் பொழச்சுக்கிட்டானா?" என்று கேட்டார். அத்தை தலையை மட்டும் ஆட்டினாள். அவர் தட்டைக் கழுவ எழுந்துவிட்டார்.

அந்தச் சேனல் முதலில் எங்கள் வீட்டில் வராது. கேபிள்காரர்தான் போட்டுக் கொடுத்தார். காரியாபட்டிப் பக்கத்து ஆள், சின்ன வயசு. அந்த வருஷம் தெருவில் எங்கள் வீட்டு லைன் மட்டும் அடிக்கடி கெட்டது. அவர் வந்து வேப்பமரத்தில் ஏறி ஒயரைச் சரிபண்ணுவார். அத்தை மரத்தடியில் நின்றுகொண்டு, படம் வருகிறதா என்று உள்ளே இருக்கும் என்னைக் கேட்டு அவருக்குச் சொல்லுவாள். நான் "வருது, வருது" என்று கத்தின பிறகும் அவர் மரத்தைவிட்டு இறங்க நேரமாகும். அவர் வேறு சாதி. எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பணிப்பெண்ணை அடித்த மூன்றாம் நாள் அத்தை என்னிடம் கேட்டாள்.

"நீயா இருந்தா சொல்லிருப்பியாடி?"

"மாட்டேன்."

"அடிச்சா?"

"அடிச்சாலும்."

"உங்கப்பா அடிச்சா?"

கொஞ்சம் யோசித்தேன். "மாட்டேன்" என்றேன்.

மறுநாள் காலையில் என் புத்தகமெல்லாம் கம்பு மூட்டைக்குப் பின்னால் போயின. என் பைக்குள் அத்தையின் இரண்டு சேலையும் மார்க்சீட்டும் வந்தன. அத்தை கையை வீசிக்கொண்டு, டவுனில் தைக்கக் கொடுத்த சட்டையை வாங்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு நடந்தாள். நான் பின்னால் சுமந்துகொண்டு போனேன். பள்ளிக்கூடமும் பஸ்ஸும் பக்கத்து ஊர் எம்.ரெட்டியபட்டியில்தான்.

"கனமா இருக்கா தாயி?"

"இல்லை." கனமாகத்தான் இருந்தது.

பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் சீமைக்கருவேலம் அடர்ந்து கிடக்கும். அங்கே வைத்துச் சாமானையெல்லாம் ஒரு கட்டைப்பைக்கு மாற்றினாள். அருப்புக்கோட்டை பஸ் வந்தது. கேபிள்காரர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, யாரோ மாதிரி பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"யாரு கேட்டாலும்?" என்றாள் அத்தை.

"தெரியாது."

"சாமியே வந்து கேட்டாலும்?"

"தெரியாது."

என் தலையை ஒரு தடவை தடவிவிட்டு ஏறிக்கொண்டாள். பஸ் போவதை நான் பார்க்கவில்லை. பணிப்பெண் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

வகுப்பில் டீச்சர், புத்தகம் எங்கே என்று கேட்டார்கள். "தெரியாது டீச்சர்." பை ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டார்கள். அதற்கும் தெரியாது என்றேன். பெஞ்சுமேல் நிற்க வைத்தார்கள். பழகிக்கொள்ள நல்லதாகப் போயிற்று.

மத்தியானச் சோற்றுக்கு மணி அடிக்கும் முன்பே பெரியப்பா பைக்கில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் அப்பாவின் பெரியப்பா மகன்.  வீட்டு வாசலில் ஒரு வேன் நின்றது. உள்ளே அப்பாவின் சித்தப்பா மக்கள் மூன்று பேர். சீட்டுக்கு அடியில் கோணிச்சாக்கில் சுற்றி ஏதோ கிடந்தது. என்னவென்று எல்லோருக்கும் தெரியும். யாரும் குனிந்து பார்க்கவில்லை.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்துவிட்டதாகப் பெரியப்பாவின் மகனுக்கு யாரோ போன் பண்ணியிருந்தார்கள். மதுரை பஸ் ஏறியிருக்கிறார்கள். மதுரையில் கேபிள்காரரின் கூட்டாளி வீடு எங்கே என்றும் விசாரித்து வைத்திருந்தார்கள்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"ஏறுடா வண்டில," என்றார் பெரியப்பா. "ஒரு மணி நேரத்துல பிடிச்சிறலாம்."

கூடப்பிறந்தவன் ஏறாத வண்டியில் பங்காளிகள் போகக்கூடாது. அது எங்களில் முறை. அதனால் எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

அப்பா எழுந்திருக்கவில்லை. "வீட்டுல இருந்து ஒரு ஆளு கை குடுத்துருக்கு. அது யாருன்னு தெரியாம ஏற மாட்டேன்."

"அதை வந்து பாத்துக்கிருவோம்டா."

"கள்ளனை வீட்டுல வச்சுக்கிட்டு வெளிய போயி யாரைப் பிடிக்க? குலசாமி கோயிலுக்கு வாங்க. எல்லாரும் சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணட்டும். அப்பறம் ஏறுறேன்."

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்லும் சத்தியம் அது. பொய் சொன்னால் கண் போய்விடும். எங்கள் ஊரில் ஒரு கண் தெரியாத தாத்தா இருந்தார். அவர் என்ன பொய் சொன்னாரோ என்று நாங்கள் பிள்ளைகள் பேசிக்கொள்வோம்.

பெரியப்பா வாட்சைப் பார்த்தார். "எல்லாரும்னா?"

"எல்லாரும்தான். நீயும் அடிக்கணும்ணே. ஒம்மகனும் அந்தக் கேபிள்காரனும் ஒரே பைக்குல சுத்துனவுகதானே."

"என்னையவே சொல்றியா? நானாடா கூட்டிவிட்டேன்?"

"சொல்லலைண்ணே. சாமிக்கிட்டச் சொல்லிட்டா முடிஞ்சது."

இதற்குப் பிறகு அடிக்க மாட்டேன் என்று பெரியப்பாவால் சொல்ல முடியாது. சொன்னால் அவர்தான் ஆள் என்று ஆகிவிடும்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றி ஈரத்துணியோடுதான் போகவேண்டும். அன்றைக்குக் கரண்டு இல்லை. மோட்டார் ஓடவில்லை. அடிபம்பில் ஒவ்வொருத்தராக அடித்து ஊற்றிக்கொள்ளவே மணி ஒன்றாகிவிட்டது. கோயிலுக்குப் போனால் பூசாரி இல்லை. ஆடு மேய்க்கப் போயிருந்தார். பூசாரி இல்லாமல் கதவைத் திறக்கக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். கரிசலில் அவரைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். சூடத்தை எடுத்துப் பார்த்த அப்பா, இது மெழுகு கலந்தது, சத்தியத்துக்கு ஆகாது என்றார். ரெட்டியபட்டிக் கடைக்கு இன்னொரு ஆள் போனது. சின்னச் சித்தப்பா முனங்கினார்.

"மெழுகாம்ல. சாமி என்ன, சூடத்தை உரசியா பாக்கப்போகுது?"

நான் ஈரப்பாவாடையோடு வெயிலில் நின்றேன். அப்பா இவ்வளவு கொடூரமானவர் என்று எனக்கு அதுவரை தெரியாது. நாடகத்து ராஜாவே ஒரே ஆளைத்தான் கட்டிவைத்துக் கேட்டார். இவர் குடும்பத்தையே வரிசையில் நிறுத்திவிட்டார்.

பெரியப்பா அடித்தார். சித்தப்பாமார் அடித்தார்கள். அம்மா அடித்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. படக்கென்று அடித்துவிட்டு வந்துவிட்டாள்.

"சின்னப்புள்ளை, விட்டுருடா," என்று பெரியப்பா என்னைப் பார்த்துச் சொன்னார். "அதுகிட்ட நான் வீட்டுல வச்சு வேற மாதிரி கேட்டுக்கிறேன்."

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "எந்நேரமும் அவகூட உக்காந்து நாடகம் பாத்தது இதுதான். இதுவும் அடிக்கட்டும்."

அந்த நிமிஷம் அவரை வெறுத்தேன். நாற்காலியில் கட்டிப்போட்ட பணிப்பெண்ணை நினைத்துக்கொண்டேன். ஒரு கண்தானே, இன்னொன்று இருக்கும் என்றும் நினைத்தேன்.

"எனக்குத் தெரியாது" என்று சொல்லிச் சூடத்தின் மேல் அடித்தேன். அணைந்துவிட்டது. ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். பிறகு மறு கண்ணை மூடிப் பார்த்தேன். பூசாரி தெரிந்தார்.

"ஆச்சுல்ல, வா," என்றார் பெரியப்பா. மணி மூன்று இருக்கும்.

"நான் இன்னும் அடிக்கலையே" என்றார் அப்பா.

மிச்சம் இருந்த சூடத்தை மொத்தமாகச் சாமி முன்னால் இருந்த கல்லில் கொட்டிக் கொளுத்தச் சொன்னார். தீ ஒரு முழம் எழும்பியது. "எந்தங்கச்சி போனது எனக்குத் தெரியாது" என்று சொல்லிக் கையை வைத்தார். அடிக்கவில்லை, வைத்தார். எடுக்கவும் இல்லை. பெரியப்பாதான் பாய்ந்து இழுத்துவிட்டார். தோல் கல்லில் ஒட்டியிருந்தது.

வேன் மதுரைக்குப் போகவில்லை. அப்பாவைத் தூக்கிப் போட்டுக்கொண்டு அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனது. கையில் மருந்து வைத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போது மதுரையில் ஒரு போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்ததாம். பெண் மேஜர், கல்யாணம் முடிந்துவிட்டது, இரண்டு பேரும் இங்கே இருக்கிறார்கள், வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று.

பெரியப்பா திரும்பி வந்து வாசலிலேயே நின்று சொன்னார். "எல்லாம் ஒஞ்சூடத்தால வந்ததுடா."

என்னை அதன் பிறகு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சூடம் அடித்தவரிடம் திரும்பக் கேட்கக்கூடாது. கேட்டால் சாமியைச் சந்தேகப்பட்ட மாதிரி.

பதினோரு வருஷம் கழித்து அத்தை மகளுக்குக் காது குத்தினார்கள். அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் மதுரைக்குப் போனேன். அவர் வரவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அங்கே அரிசி களைந்துகொண்டே அத்தை சொன்னாள்.

"அன்னைக்கு அண்ணன் பஸ்ஸுக்கு எதுத்தாப்புல டீக்கடைல உக்காந்துருந்துச்சுடி. உரம் வாங்க வந்துருக்கு. நீ பையைத் தூக்கிக்கிட்டுக் கருவேலங்காட்டுக்குள்ள இருந்து வந்தது, நான் ஏறுனது, அவுக பின்சீட்டுல இருந்தது எல்லாத்தையும் பாத்துச்சு. சன்னல் வழியா நேருக்கு நேரா என்னையப் பாத்துச்சு. செத்தேன்னு நெனச்சேன்."

"அப்பறம்?"

"டீக்காரரைக் கூப்புட்டு இன்னொரு டீ சொல்லுச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். ஊருக்குத் திரும்பி வந்து நான் அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. அவரும் காது குத்து எப்படி நடந்தது என்று கேட்கவில்லை. எத்தனை பேர் வந்திருந்தார்கள் என்று மட்டும் கேட்டார்.

ஆனால் இதெல்லாம் பின்னால் தெரிந்தது. பத்து வயதில் எனக்குத் தெரிந்தது வேறு. அப்பாவின் கை ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. உரம் போட முடியாது, மாடு பிடிக்க முடியாது. அம்மாதான் சோற்றைப் பிசைந்து கொடுத்தாள். அவர் இடது கையில் ஸ்பூனைப் பிடித்துச் சிந்திச் சிந்திச் சாப்பிடுவார். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பொய்ச் சத்தியம் பண்ணிய என் கையில் ஒரு கொப்புளம்கூட இல்லை. அவர் கை வெந்துபோயிருந்தது. சாமிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, ராஜாவைத்தான் தண்டித்திருக்கிறது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒருநாள் ஸ்பூன் கீழே விழுந்தது. பக்கத்தில்தான் விழுந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.