தையல்நாயகி போட்ட பூட்டு

தையல்நாயகியின் போனுக்குப் பூட்டு கிடையாது. விரலை வைத்தால் திறக்கும் வகைதான். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து பட்டு இழையோடு மல்லுக்கட்டிய விரலில் ரேகை எங்கே இருக்கிறது? கடைக்காரர் நாலைந்து தடவை அழுத்தச் சொல்லிப் பார்த்துவிட்டு அப்படியே கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அது தெருவின் போன் ஆகிவிட்டது. பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெருப் பெண்களில் யாருக்கு அவசரம் என்றாலும், தறி மேல் கிடக்கும் அதை எடுத்துப் பேசிவிட்டு வைத்துவிட்டுப் போவார்கள். கேட்டு எடுக்கும் வழக்கமே இல்லை. தையல்நாயகிக்கு அதில் உள்ளூரப் பெருமை.

ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள் அவள். தறியில் இருந்தால் அடுப்பு நினைவு வந்துவிடும். அவள் ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க ஒருத்தியால்தான் முடிந்தது. அடுத்த வீட்டுக் காந்தா. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு ஒரே தறியில் இரண்டு பேர் வேண்டும். உடலுக்கு ஒருத்தி நாடாவை ஓட்டினால் கரைக்கு இன்னொருத்தி ஓட்டுவாள். தோளோடு தோள் இடித்துக்கொண்டு பல வருடமாக நெய்கிறார்கள். நெசவுப் பெண்களுக்கென்று தையல்நாயகி ஒரு வாட்ஸ்அப் குழுவும் நடத்திவந்தாள்.

வினை அதில்தான் வந்தது. சோறு வடிக்க அவள் எழுந்துபோன நேரத்தில் காந்தா போனை எடுத்துக் குழுவில் எழுதிவிட்டாள்: "நம்ம நெசவாளர் சங்கத்துல பவர்லூம் சேலைக்குக் கைத்தறி முத்திரை குத்தி விக்கிறாங்க. சேலைக் கட்டைப் பிரிச்சு என் கண்ணால பாத்தேன்." அதோடு நின்றாளா? ஓரிக்கையில் இருக்கும் தங்கைக்கு, அதே போனில், "நான்தான்டி போட்டேன், தலைவர் மூஞ்சியப் பாக்கணும்" என்று சிரித்துச் சிரித்துப் பேசிக் குரல் செய்தி வேறு அனுப்பினாள். சாயங்காலத்துக்குள் குழுச் செய்தி ஐயம்பேட்டை வரைக்கும் போய்விட்டது. சங்கத் தலைவர் அவதூறு என்று புகார் கொடுத்தார். போனோடு மறுநாள் வரச்சொல்லி தையல்நாயகிக்குக் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது.

காந்தா ஓடிவந்தாள். அவள் கணவன் வெங்கடேசன் அதே சங்கத்தில் காவலாளி. விஷயம் தெரிந்தால் அவன் வேலை போய்விடும்.

"அக்கா, என் பேரு மட்டும் வரவே கூடாதுக்கா."

"ஏன்டி நடுங்கிக்கினு இருக்கிற? என் போனு, என் குரூப்பு. நான்தான் எழுதினேன்னு சொல்லிக்கிறேன். நீ கரையைப் பாரு."

வாயால் சொல்லிவிட்டாளே தவிர, அது அவ்வளவு சுலபமா? போனைத் திறந்தால் காந்தாவின் குரல் கிடக்கிறதே! அழித்தாலும் தோண்டி எடுத்துவிடுவார்களாம். அது மட்டுமா? அதே தெருவின் ரேவதி தன் டாக்டருக்கு அனுப்பிய ரிப்போர்ட், துர்கா தன் புருஷனுக்குத் தெரியாமல் அம்மாவிடம் அழுதது, எல்லாம் அதற்குள்தான். மொபைல் கடையில் வேலை பார்க்கும் சத்யப்ரியாவிடம் ஓடி, எண் பூட்டுப் போடக் கற்றுக்கொண்டு வந்தாள்.

காந்தா வழக்கம்போலப் போனை எடுத்தாள். திறக்கவில்லை.

"நம்பர் இன்னாக்கா?"

"உனக்கு வேணாம்."

அவளுக்குத் தெரியாமல் இருந்தால், யார் கேட்டாலும் தெரியாது என்று தைரியமாகச் சொல்லலாம். அதுதான் தையல்நாயகியின் எண்ணம். அதை வாயைத் திறந்து சொன்னால் என்ன? அவசரக்காரி, அதற்குள் அடுப்பைப் பார்க்க எழுந்துவிட்டாள். திரும்பி வந்தபோது, தன்னை மாட்டிவிடத்தான் இந்தப் பூட்டு என்று பயந்து காந்தா வீட்டுக்குப் போயிருந்தாள்.

மறுநாள் காவல் நிலையத்தில் தையல்நாயகி வாய் திறக்கும் முன்பே பெண் எஸ்.ஐ. சொன்னார்:

"காந்தாவும் அவங்க வீட்டுக்காரரும் காலையிலயே தலைவரோட வந்து எழுதிக் குடுத்துட்டாங்கம்மா. நீங்கதான் எழுதினீங்களாம். அவங்க வேணாம்னு தடுத்தாங்களாம். அப்புறம் நீங்க போனைப் பூட்டி வச்சிக்கினீங்களாம்."

தையல்நாயகி ஷேர் ஆட்டோவில் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததும் அதேதான், நான்தான் எழுதினேன் என்று. மனசார எடுத்துக் கொடுக்க வந்ததைக் காந்தா பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டாள். அந்த நிமிடம் காந்தா எதிரில் இருந்திருந்தால் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பாள்.

"அவங்க முழிச்ச முழியே எனக்குச் சரியாப் படல," என்றார் எஸ்.ஐ. "இனிமே வர்ற காலத்துல யாரு எழுதினாங்கன்னு மெஷினே சொல்லிடும். இன்னிக்கு நீங்கதான் சொல்லணும். போனைத் திறங்கம்மா. நீங்க எழுதலன்னா இப்பவே வீட்டுக்குப் போலாம்."

எண்களை அழுத்தினால் போதும். காந்தாவே சிரித்துச் சிரித்துச் சொல்லிவிடுவாள். கேட்கட்டுமே, ஊரே கேட்கட்டுமே! முதல் எண்ணை அழுத்தினாள். இரண்டாவதையும் அழுத்தினாள். பிறகு போனைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தாள்.

"நான்தான் எழுதினேன் மேடம். அவ தடுத்தது நெசம்."

"சரி, திறந்து காட்டுங்க."

"அதுல எங்க தெருப் பொம்பளைங்க எல்லாரும் இருக்குறாங்க. தெறக்க மாட்டேன்."

எஸ்.ஐ. அவள் சொன்னதை எழுதினார். கையெழுத்து வாங்கினார். போன் ஓர் உறைக்குள் போனது. வழக்கு வரும் என்றார்.

வெளியே வந்தாள். காந்தாவை உடனே கூப்பிட்டு நன்றாகத் திட்ட வேண்டும் போலிருந்தது. கை தானாக இடுப்பில் போனைத் தேடியது. ஆட்டோவுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் நடக்கத் தொடங்கினாள். நேரே காந்தா வீட்டுக்குத்தான் போக வேண்டும். போய்க் கதவைச் சாத்திவிட்டு, வெளியே யார் காதிலும் விழாதபடி திட்ட வேண்டும்.