துபாயில் சொன்ன செய்தி

டொரான்டோவிலிருந்து மதுரைக்குப் பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். துபாய் வரை ஏறக்குறைய பதின்மூன்று மணி நேரம். அங்கே காத்திருந்து விமானம் மாறினால் மதுரைக்கு இன்னொரு நான்கு மணி நேரம். அதற்குப் பிறகு திண்டுக்கல்லுக்குக் கார். அப்பா இறந்த காலையில் இதையெல்லாம் தேடிப் பார்த்தேன். அடக்கத்தை எப்போது வைத்துக்கொள்வது என்று பங்குச் சாமியாருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

டொரான்டோவில் இருக்கும் தம்பிக்கு மட்டும் இறந்த செய்தியைச் சொல்லவில்லை. "அப்பாவுக்கு சீரியஸ், உடனே கிளம்பு" என்றோம். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு எங்கள் பக்கம் அப்படிச் சொல்வதுதான் வழக்கம். அம்மாவின் முடிவு அது. குஜிலியம்பாறையிலிருந்து வந்திருந்த அத்தை என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இந்தப் பேப்பர்க்காரன்கிட்டப் போனக் குடுக்காதீக. இவன் வாயில எது நிக்கும்?"

நாளிதழில் செய்தி திருத்துவது என் வேலை. அந்தக் கேலி எனக்குப் பழகியதுதான்.

கூடத்தில் அப்பாவை வைத்திருந்த குளிர்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா மறுநாள் முழுக்க என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்ப எங்க வந்திருப்பான்?"

"கடலுக்கு மேலம்மா."

"வெறுந் தண்ணியா? ஊரு எதுவும் வராதா?"

"வரும்."

நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் துபாயில் இறங்கியதும் தம்பி என்னை அழைத்தான். பந்தலைத் தாண்டித் தெருமுனைக்குப் போய்ப் பேசினேன்.

"அண்ணே, எப்படி இருக்காரு?"

"ஐசியுல."

"நர்ஸ்கிட்டச் சொல்லி போன அவரு காதுல வைண்ணே. ரெண்டு வார்த்த பேசிட்டு ஏறிர்றேன். பதில் வேணாம். அவரு கேட்டாப் போதும்."

பெட்டியின் கண்ணாடி மேல் போனை வைப்பதை ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன்.

"தம்பி, அப்பா போயிட்டாருடா. நேத்துக் காலையிலயே. நீ கிளம்புறதுக்கு முன்னாடி."

அந்தப் பக்கம் ஒரு விமான அறிவிப்பு கடைசி வரை தெளிவாகக் கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது.

உள்ளே வந்த என் முகத்தைப் பார்த்ததுமே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"சொல்லிட்டியா?"

தலையசைத்தேன்.

"இன்னும் எம்புட்டு நேரம் பிளேனு?"

"ஏறுனா நாலு மணி நேரம்."

"அம்புட்டு நேரமும் எம்புள்ளைய ஒத்தையில அழ விட்டுட்டியே. இங்க வந்து எம் மடியில விழுந்து அழுதிருப்பான்ல?"

அதுவரை நான் பொய்யைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தேன். அவன் அழும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள் என்பதை அம்மா யோசித்திருந்தார்.

விடிந்து வெகுநேரம் கழித்துத் தம்பி வந்து இறங்கினான். பெட்டிக்கு முன்னால் நின்று பார்த்தான். அம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது இதைத்தான்:

"பிளேன்ல பக்கத்துல யாருப்பா இருந்தா?"

"ராமநாதபுரத்துக்காரரும்மா. லீவுல வர்றாரு. யாரு தவறிட்டாங்கன்னு கேட்டாரு. அப்பான்னேன். எறங்குற வரைக்கும் எங் கைய விடல."

"அவரு பேரு என்ன?"

"கேக்கலம்மா."

"கேக்காம வந்துட்டியேடா. பேரு தெரியாம அவருக்கு எப்படி வேண்டிக்கிறது?"

அப்பா இறந்ததிலிருந்து அம்மா வாய்விட்டு அழுதது அப்போதுதான். தம்பி உட்கார்ந்து அவர் மடியில் முகத்தை வைத்துக்கொண்டான். நான் அவர்களிடமிருந்து கொஞ்சம் தள்ளியே நின்றேன்.