ஏசி ஓடிக்கொண்டிருந்த வண்டி

எங்கள் அண்ணன் ஏசி மெக்கானிக். இருபத்திரண்டு வருட அனுபவம். படியேறும்போதே சத்தத்தை வைத்துப் பழுது என்னவென்று சொல்லிவிடுவார். அவர் சொன்னால் சொன்னதுதான். கூடவே போகும் தம்பி நான். நாற்பது வயதிலும் ஏணி பிடிப்பதும் திட்டு வாங்குவதும்தான் என் வேலை.

ஊரையே குளிர வைக்கிற மனிதருக்கு வீடு மாடியில், தகரக் கூரைக்கு அடியில். ஒரே ஒரு மின்விசிறி. கல்யாணமாகிப் போன மகள் விட்டுச்சென்ற நாய் அங்கே இருந்தது. வெயில் ஏற ஏற அது நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு தரையோடு தரையாகக் கிடந்தது. தனியே விட மனசில்லாமல் அதையும் வேலைக்கு அழைத்து வந்தார். எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, வண்டிக்குள் இருக்க வைப்பார். நாலு நாள் ஒன்றும் ஆகவில்லை.

ஐந்தாம் நாள் ஓர் அலுவலகத்தின் மொட்டைமாடியில் வேலை. கீழே நிழல் கிடைக்காமல் வண்டியை வெயிலில் நிறுத்தியிருந்தோம்.

"ஒரு எட்டு போய் பாத்துட்டு வரவாண்ணே?"

"ஏசி ஓடுதுடா. என் கையால சரி பண்ணது. நீ ஏணியப் பிடி."

எனக்கு உறுத்தலாகத்தான் இருந்தது. அவரை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. அதற்காக இன்றும் என் மேல்தான் எனக்குக் கோபம்.

நாற்பது நிமிடம் கழித்து இறங்கினோம். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. நின்ற வண்டி சூடேறியதும் ஏசியின் கம்ப்ரசர் தானாக நின்றுவிட்டிருந்தது. வெறும் சூட்டுக் காற்றுதான் வந்துகொண்டிருந்தது.

அண்ணன் நாயைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டு நிழலுக்கு ஓடினார். வயிற்றிலும் பாதங்களிலும் குழாய்த் தண்ணீரை ஊற்றினார். நான் அட்டையால் விசிறினேன். ஈரத்தோடு கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

அண்ணன் அழவில்லை. மீதமிருந்த இரண்டு வீட்டு வேலையையும் முடித்தார். என்னை ஒரு தடவைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். யானைக்கும் அடி சறுக்கும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். சறுக்கியது யானைக்கு, போனது நாயின் உயிர்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். வாடிக்கையாளரிடம் பழுதைச் சொல்லும் அதே குரலில் அண்ணன் நடந்ததைச் சொன்னார். அவள் குரல் பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"வெயில்ல நிக்கிற வண்டியில ஏசி கட் ஆயிடும்னு உங்களுக்குத் தெரியாதாப்பா?"

"தெரியும்மா," என்றார்.